கடல் துரத்தியவர்கள் எந்தக் கணக்கில்?

திருவனந்தபுரம்: கேரளத்திலிருந்து வெளிநாடு சென்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் அனுப்பும் பணம் எவ்வளவு என்று கேட்டால், இந்நகரில் உடனே விடை கிடைக்கும். ஆனால், இங்குள்ள வலியதுறைக் கடற்கரையில் அலைக்கு வீட்டைப் பறிகொடுத்து வெளியேறியவர்களை நாட்டின் இடம்பெயர்வுப் புள்ளிவிவரத்தில் தேடினால் தனியாகக் காண முடியாது.

முதல் கணக்கு கிடைப்பதற்குக் காரணம், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் 1998-இல் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் தொடங்கிய கேரள இடம்பெயர்வு ஆய்வு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டும் இந்த ஆய்வின் 2023-ஆம் ஆண்டுச் சுற்றின்படி, வெளிநாடுகளில் உள்ள கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர். அவர்கள் அனுப்பிய தொகை ரூ. 2.16 லட்சம் கோடி.

மக்கள்தொகை ஆய்வாளரான இருதயராஜனின் கவனம் பருவநிலைப் பக்கமும் திரும்பியது. மும்பை பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.பி. பகத்துடன் இணைந்து, பருவநிலை மாற்றத்தையும் இடம்பெயர்வையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வுத் தொகுப்பை 2018-இல் அவர் வெளியிட்டார்.

ஊரைவிட்டுப் போவது எப்போதும் தோல்வியின் அடையாளமல்ல. மாறும் பருவநிலைக்கு ஈடுகொடுக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று என்பது இத்துறையில் வலுப்பெற்றுள்ள கருத்து. 2009-இல் வீசிய ஐலா புயலில் சுந்தரவனத்து வயல்களில் உப்புநீர் புகுந்தபின், அங்கிருந்து ஆண்கள் கேரளம், தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். அவர்கள் அனுப்பும் பணமே பல குடும்பங்களை ஊரில் நிலைக்கச் செய்தது.

போக வழியில்லாதவர்களின் நிலைதான் கொடியது. மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு நேர்ந்த நிலச்சரிவில் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் புதைந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் சொந்த மண் இல்லாதவர்கள். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் வாழ்ந்தவர்கள்.

திருவனந்தபுரம் கடற்கரையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடங்குகளில் தங்க நேர்ந்தது. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வசிப்போரை மாற்றிக் குடியமர்த்த, ரூ. 2,450 கோடி மதிப்பிலான "புனர்கேகம்' திட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. நிலம் வாங்கவும் வீடு கட்டவும் ஒரு குடும்பத்துக்கு ரூ. 10 லட்சம். ஆனால், கடலைவிட்டுத் தொலைவில் வீடு கிடைத்தால் வள்ளத்தையும் வலையையும் எங்கே வைப்பது என்பது மீனவர்களின் கேள்வி.

தில்லியின் பங்கு என்ன? 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெயர்வுக்கான காரணங்களுள் இயற்கைச் சீற்றமும் ஒன்றாக இருந்தது. 2001-இல் அது நீக்கப்பட்டது; 2011-லும் இல்லை. எனவே, வறட்சியால் வந்தவரும் வெள்ளத்தால் வந்தவரும் "வேலை' அல்லது "பிற காரணங்கள்' என்ற கட்டத்துக்குள் மறைந்துபோயினர். நடைபெறாமல் தள்ளிப்போன 2021 கணக்கெடுப்புக்கான வினாத்தாளில்தான் இக்காரணம் மீண்டும் சேர்க்கப்பட்டது.

அரிப்பால் இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வுக்கென ரூ. 1,000 கோடியை, 2021-26 காலத்துக்கு 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தது. பருவநிலையால் இடம்பெயர்வோரின் பாதுகாப்பு, மறுவாழ்வுக்கான தனிநபர் மசோதாவை 2022-இல் அசாமைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் பிரத்யுத் பர்தலை மக்களவையில் அறிமுகம் செய்தார். 2024-இல் அவை கலைக்கப்பட்டதும் அது காலாவதியானது.

தெற்காசியாவில் 2050-க்குள் 4 கோடிப் பேர் வரை தத்தம் நாட்டுக்குள்ளேயே பருவநிலையால் இடம்பெயரக்கூடும் என 2021-இல் உலக வங்கி மதிப்பிட்டது. நிதி ஒதுக்கவும் சட்டம் இயற்றவும் முதலில் தேவை எண்ணிக்கை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பில் "ஏன் வந்தீர்கள்?' என்ற கேள்விக்கு வலியதுறையிலும் மூணாற்றிலும் கிடைக்கும் பதில் உள்ளபடியே பதிவாக வேண்டும். வளைகுடாவுக்குப் போனவர்களைக் கணக்கிட முடிந்த நாட்டுக்கு, கடலும் மலையும் துரத்தியவர்களைக் கணக்கிடுவது இயலாத காரியமல்ல.