டாக்டர் ஊர் மாறினால் சிகிச்சை நிற்க வேண்டுமா?

திண்டுக்கல்லில் சிறுநீரகம், நரம்பு, முடக்குவாதம் என்று ஆண்டுக்கணக்கில் மருத்துவம் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. பழகிய சிறப்பு மருத்துவர் இடமாறுதலில் போய்விடுவார். அல்லது வாரத்தில் ஒருநாள் மதுரையிலிருந்து வந்து பார்த்தவர் வருவதை நிறுத்திவிடுவார். "இனிமே மதுரைக்குப் போய்ப் பாருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

2022 ஜனவரி 12 அன்று திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி வந்ததாலேயே உயர்சிறப்புப் பிரிவுகள் அனைத்தும் முழு ஆள்பலத்தோடு வந்துவிடுவதில்லை. பேராசிரியர் பற்றாக்குறை குறித்துத் தமிழகத்தின் 34 அரசு மருத்துவக் கல்லூரிகளிடம் தேசிய மருத்துவ ஆணையம் 2025இல் விளக்கம் கேட்டது. மதுரை பெரியாஸ்பத்திரி அறுபது கிலோமீட்டருக்கு மேல். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் தூரம். போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். அதனால் 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

இடைவெளியில் நடப்பது என்ன?

வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே போடவேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் உயிரைப் பறிக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது தேவை. செயற்கை இதய வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்குவது சிகிச்சையைத் தொடர்வதாகாது.

உங்களுக்குள்ள உரிமைகள்

• முன்னறிவிப்பு: ஒரு நோயாளியைப் பார்க்க ஏற்றுக்கொண்ட மருத்துவர், அவருக்கும் குடும்பத்தாருக்கும் போதிய அவகாசம் தந்து சொல்லாமல் விலகக் கூடாது. இது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதி.

• ஆவணங்கள்: அதே விதிகளின்படி, மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

• முறையான பரிந்துரை: தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், கமிஷன் நோக்கமில்லாத சரியான பரிந்துரையையும் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதையும் உரிமைகளாகச் சொல்கிறது.

• அரசின் கடமை: ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. பணமில்லை என்பதைக் காரணமாகக் காட்டி மருத்துவ சேவை தரும் கடமையிலிருந்து அரசு நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் அந்த வழக்கில் சொன்னது. அவசர சிகிச்சை மறுக்கப்பட்டால் அது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை மீறுவதாகும்.

• மாற்றுத்திறனாளிகள்: பார்க்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா, மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் ஆகியவை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அடங்கும். வருமான வரம்புக்கு உட்பட்டு, வசிப்பிடத்துக்கு அருகிலேயே இலவச சிகிச்சை தர அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது.

உடனே செய்யவேண்டியவை

மருத்துவர் போகப்போகிறார் என்று தெரிந்ததும் நோயின் பெயர், மருந்தின் வேதிப்பெயர், அளவு, அடுத்த பரிசோதனைத் தேதி, யாரிடம் போகவேண்டும் என்ற விவரங்களோடு ஒரு சுருக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பிராண்டு பெயர் கடைக்குக் கடை மாறும், வேதிப்பெயர் மாறாது. கையிருப்பு தீர இரண்டு வாரம் இருக்கும்போதே அடுத்த மருத்துவரைத் தேடுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மதுரை போகத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக அவை வீட்டுக்கும் வருகின்றன. வயிற்று வழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. இ-சஞ்சீவனி செயலியில் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம். 104க்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை திண்டுக்கல்லுக்கு மட்டுமானதல்ல. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த எந்த மாவட்டத்து மருத்துவமனையிலும் செல்லும். விவரங்களுக்கு 1800 425 3993. டயாலிசிஸ், புற்றுநோய், தலசீமியா சிகிச்சைக்கு ரயிலில் போகிறவர்களுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் சான்று வேண்டும்.

எங்கே முறையிடுவது?

மருத்துவர் முன்னறிவிப்பின்றிக் கைவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். தனியார் மருத்துவமனை பற்றிய புகாருக்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்த சேவையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

அரசு மருத்துவமனையில் பணியிடம் காலியாக இருந்தால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போடுங்கள். எத்தனை பணியிடம் அனுமதிக்கப்பட்டது, எத்தனை காலி, எப்போதிருந்து காலி என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். அந்தப் பதிலை இணைத்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஒரே நோயுள்ள பத்துப்பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதைத் தனிமனிதக் குறையாக ஒதுக்கிவிட முடியாது.

மருத்துவர்கள் மாறுவதைத் தடுக்க முடியாது. ஆனால் அடுத்து யாரிடம், எந்த ஆவணத்தோடு போவது என்று தெரியாமல் நோயாளியை வாசலில் நிறுத்த யாருக்கும் உரிமையில்லை. இன்றே உங்கள் மருத்துவக் கோப்பை எடுத்துப் பாருங்கள். அந்தச் சுருக்கக் கடிதம் அதில் இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்கிவிடுங்கள்.