முருங்கைக்கீரை சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் என்ன ஆகும்?

முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது, சரி. ஆனால் தட்டில் இருப்பதெல்லாம் ரத்தத்தில் சேர்ந்துவிடுமா? சேராது. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும்.

ஏன்? வீட்டுக்குள் கட்டிலைக் கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள். கால்களைக் கழற்றாமல் வாசலில் நுழையாது. கீரையின் இரும்பும் அப்படித்தான். வயிற்று அமிலத்தில் கரைந்தாலும், சிறுகுடலுக்கு வந்ததும் அமிலம் குறைவதால் மறுபடி திரண்டு, நுழைய முடியாத வடிவத்தில் நிற்கும். (கறி, மீனில் உள்ள இரும்பில் ஒரு பகுதிக்குத் தனி வாசலே உண்டு!)

இங்கேதான் வைட்டமின் சி தச்சராக வருகிறது. இரும்பைத் திரளவிடாமல் பிடித்து, வாசலுக்கேற்ற வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது.

முருங்கை இலையிலேயே வைட்டமின் சி உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் வதக்கும் சூட்டில் நிறையவே போய்விடும். அதனால் அடுப்பை அணைத்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு மிஞ்சும், சத்து குறையும். கூடவே ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ கடித்தாலும் போதும்.

டீ? அதன் துவர்ப்புக்குக் காரணமான பொருட்கள் இரும்போடு சேர்ந்து கட்டிலைக் கால்களோடு இறுக்கிக் கட்டிவிடும். காபியும் லேசுப்பட்டதல்ல. பால் ஊற்றினால் தப்பிக்கலாமா? பாலின் கால்சியமும் வழியை மறிக்கும்.

டீ இல்லாமல் முடியாதா? சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.