சொல்லும் நிலமும்: ‘ட்ரை’ என்னும் பெயரடையும் வன்னியின் உலர் வலயமும்

ஆங்கிலத்தில் ‘ட்ரை’ என்னும் பெயரடை, அதாவது பெயர்ச்சொல்லைச் சார்ந்து அதன் தன்மையை உணர்த்தும் சொல், ஈரமின்மையைக் குறிக்கிறது என்பது அகராதிகள் தரும் முதற்பொருள். அந்த ஈரமின்மை எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பவற்றை அச்சொல் தன்னளவில் தெரிவிப்பதில்லை. இலங்கையின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம் இதே பெயரடையால் வகைப்படுத்தப்பட்டு, புவியியற் பாடநூல்களில் ‘உலர் வலயம்’ என வழங்கப்படுவதால், வன்னிப் பெருநிலத்தின் கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரத்தையும் அதன் அயலிலுள்ள அக்கராயன்குளத்தையும் போன்ற வேளாண் ஊர்களைப் பொறுத்தவரை இது இலக்கணத்தோடு முடிந்துவிடும் விடயமன்று.

பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கிவரும் இச்சொல்லுக்கு டச்சு மொழியின் ‘ட்ரோக்’, ஜெர்மன் மொழியின் ‘ட்ரொக்கென்’ ஆகியவை உறவுச் சொற்கள். வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரவுட்’, நீர் வடிதலையும் வடிகாலையும் குறிக்கும் ‘ட்ரெயின்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே வேரிலிருந்து கிளைத்தவை என்பது சொற்பிறப்பியலாளர் கருத்து. இவற்றுள் ‘ட்ரெயின்’ என்பதுடனான உறவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இருந்த நீர் வடிந்துபோன நிலையும், நீர் என்றுமே இராத நிலையும் ஒன்றல்ல என்பதை அது நினைவூட்டுகிறது.

பிற்கால வழக்கில் இப்பெயரடை ஈரத்தை விட்டு வெகுதூரம் விலகிச் சென்றது. இனிப்பற்ற வைன், வெண்ணெய் பூசாத பாண், பால் வற்றிய பசு, சுவையற்ற விரிவுரை, முகத்தில் சிரிப்பைக் காட்டாமற் சொல்லப்படும் நகைச்சுவை, மது விற்பனை தடைசெய்யப்பட்ட நாள் என எல்லாவற்றுக்கும் அது பொருந்துகிறது. அவற்றுட் பெரும்பாலானவற்றில், கேட்பவர் எதிர்பார்க்கும் ஏதோவொன்று இல்லை என்பதே உட்கிடை. தமிழோ ஒரு சொல்லில் அடங்காமல், குளம் வற்றும், நெல் காயும், துணி உலரும், தொண்டை வறளும் என்று நீர் நீங்கும் முறைக்கேற்ப வினைகளை வேறுபடுத்துகிறது. இவற்றுள் ‘உலர்’ என்பதை வலயத்துக்குத் தேர்ந்தவர்கள் நல்ல தேர்வையே செய்தனர் எனலாம். ஏனெனில் உலர்வது என்றால் முன்னர் நனைந்திருந்தது என்பது பெறப்படும்.

வன்னியின் மழைக்கணக்கும் அதையே உறுதிப்படுத்துகிறது. ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதி உலர் வலயம் என்றும், 2500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுவது ஈர வலயம் என்றும், இடைப்பட்டது இடை வலயம் என்றும் இலங்கையில் வகுக்கப்படுகின்றன. வன்னிப் பெருநிலத்தில் பொதுவாக 1000 முதல் 1500 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது; மழைக்குப் பேர்போன லண்டன் நகரம் பெறுவதோ ஏறத்தாழ 600 மில்லிமீற்றர்தான். ஆகவே, தென்மேற்கு இலங்கையின் அளவுகோலைக் கொண்டு பார்த்தபோதுதான் இந்நிலம் ‘ட்ரை’ ஆயிற்று. அப்பெயரடையைக் கொண்டுவந்த மொழியின் சொந்த மண்ணை அளவுகோலாகக் கொண்டிருந்தால் அப்பெயர் வந்திராது.

வன்னியின் குறை மழையின் அளவிலன்று, அது பகிரப்படும் விதத்தில் உள்ளது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான சில மாதங்களுக்குள், இடைப்பருவத் தாழமுக்கங்களாலும் வாடைக்காற்றோடு வரும் வடகீழ்ப் பருவமழையாலும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்று தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே இறக்கிவிட்டு, வெறுங்காற்றாக இங்கு வந்து மண்ணின் எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சுகிறது. இந்த நிலம் எத்துணை நனையக்கூடியது என்பதற்கு, 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரம் மக்கள் வெள்ளத்தால் இடம்பெயர்ந்தமை துயரமான சான்று. வன்னிக் காடுகளின் தாவரவியற் பெயரும் இவ்வகையில் சிந்திக்கத்தக்கது: பாலையும் வீரையும் முதிரையும் நிறைந்த அக்காடு ‘உலர் கலப்பு என்றும்பசுமைக் காடு’ எனப்படுகிறது. உலர்வும் பசுமையும் ஒரே தொடரில் முரணின்றி நிற்பதற்குக் காரணம், இம்மரங்களுட் பல ஆழ வேரோடி மாரியின் நீரைக் கோடையில் எடுத்துக்கொள்வதுதான். பாலைப்பழம் பழுப்பதும் அக்கோடையிலேதான்.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தொடங்கி சுதந்திரத்தின் பின் விரிவடைந்த குடியேற்றத் திட்டங்களை ஆராய்ந்து கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் 1957-இல் வெளியிட்ட நூல், ‘ட்ரை சோன்’ என்ற தொடரை உலகளாவிய ஆய்வுலகுக்குப் பழக்கப்படுத்தியவற்றுள் முக்கியமானது. ஆயினும் அத்தொடரைப் படிக்கும் வெளியார் பலர் பாலைவனத்துக்கு அண்மையான ஒன்றைக் கற்பனை செய்துகொள்வதும், நீரில்லாத நிலம் என்று வன்னியைக் கருதுவதும் வருந்தத்தக்கவை. அக்கருத்து, நீரைத் தேக்கிக் காத்த தலைமுறைகளின் உழைப்பைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்துவிடுகிறது. வடிந்தோடும் மாரிநீரைக் குளக்கட்டால் மறித்து, துருசின் வழியாக அளந்து வயலுக்கு விடும் முறை, பெயரடை சொல்லாமல் விட்ட காலத்தைக் கணக்கிற் கொண்ட அறிவாகும்.

அந்த அறிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. காலபோக நெல் பெரும்பாலும் மழையை நம்பி விதைக்கப்படுகிறது. சிறுபோகத்துக்கு முன்போ, விவசாயிகளும் நீர்ப்பாசன அலுவலர்களும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, அவ்வாண்டு எத்தனை ஏக்கர் விதைப்பது, அது எவருக்கு எவ்வாறு பங்கிடப்படுவது என்பன தீர்மானிக்கப்படுகின்றன.