காலையில் மட்டும் துடிக்கும் கார்: பழுது எங்கே இருக்கிறது?

பால் கேனையும் காய்கறிக் கூடையையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் டவுனுக்குப் போகும் பழைய பெட்ரோல் கார்களும் வேன்களும் கிராமங்களில் ஏராளம். மார்கழி, தை மாதக் குளிரில் இவற்றில் பல மக்கர் பண்ணும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடும். ஆனால் வண்டியே குலுங்கும், மிஸ்ஸிங் அடிக்கும், சில நேரம் நின்றும் போகும். ஐந்து நிமிடம் ஓடிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலச் சீராகிவிடும்.

சிக்கலே அங்கேதான். பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மெக்கானிக்கிடம் போய்ச் சேருவதற்குள் இன்ஜின் சூடாகிவிடுகிறது. பழுது கண்ணில் படாததால், ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றத் தொடங்குகிறார்கள். செலவுதான் ஏறுகிறது. மறுநாள் காலை வண்டி மறுபடியும் துடிக்கிறது.

குளிரில் என்ன நடக்கிறது?

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் முதல் சில நிமிடங்களுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுப்பது இதற்காகத்தான். இன்றைய வண்டிகளில் சோக் கிடையாது. கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் தரும் தகவலை வைத்து, கம்ப்யூட்டரே பெட்ரோலையும் காற்றையும் கூட்டிக் கொடுக்கிறது. குளிரில் ஐடிலிங் வேகம் கூடுதலாக இருந்து, சூடேறியதும் 700 முதல் 900 ஆர்.பி.எம்.முக்கு இறங்குவது இயல்பு. இந்த ஏற்பாட்டில் எது தவறினாலும் காலையில்தான் தெரியும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

முந்தின இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பே சோதனையைத் தொடங்க வேண்டும். வண்டி திறந்த வெளியில் நிற்பது அவசியம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும்.

முதலில், சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி இரண்டு விநாடி விட்டு அணைக்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்தால் பெட்ரோல் பம்பு ஓடி, குழாயில் அழுத்தம் ஏறும். அதன் பிறகு ஸ்டார்ட் செய்யும்போது வண்டி சீராக ஓடினால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். பம்பின் வால்வையும் இன்ஜெக்டர்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து ரப்பர் குழாய்கள். இன்ஜினின் காற்றுப் பாதையில் உள்ள சிறு வேக்யூம் குழாய்கள் வயதானால் இறுகி, வெடிப்பு விடும். குளிரில் வெடிப்பு விரியும். சூடானதும் ரப்பர் இளகி அடைபடும். 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். குழாயை மெதுவாக அழுத்திப் பிடித்ததும் ஐடிலிங் மாறினால், அங்கே ஓட்டை இருக்க வாய்ப்பு உண்டு. பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பது தீ விபத்தில் முடியும்.

மூன்றாவது ஸ்பார்க் பிளக். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, நான்கையும் வரிசை மாறாமல் வைத்துப் பார்க்க வேண்டும். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. எல்லாமே கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஒன்று மட்டும் மாறி இருந்தால், அந்த சிலிண்டரின் பிளக், காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

நான்காவது த்ராட்டில் பாடி. இதில் படியும் கரி, ஐடிலிங்குக்குத் தேவையான காற்றை மறிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, அதற்கென விற்கும் கிளீனரால் துடைத்தால் பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியில் தட்டை விரலால் தள்ளக் கூடாது. அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது

வண்டியை முந்தின நாள் மாலையே ஒர்க் ஷாப்பில் விட்டுவிட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலன்ட் சூடும் வெளிக்காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 20 டிகிரி இருக்கும்போது சென்சார் 60 என்று காட்டினால், இன்ஜின் சூடாக இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். அந்த ஒரு சென்சாரே காரணமாக இருக்கலாம்.

ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை எந்த எண் வந்தாலும், கடைசி இலக்கம் மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரைக் குறிக்கும். பி0171 வந்தால் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு என்று பொருள்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

குளிர் காலையில் சைலன்சரில் சிறிது நேரம் ஆவி வருவது சாதாரணம். ஆனால் வெண்புகை நிற்காமல் வந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஓடும்போது இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். எரியாத பெட்ரோல், சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும். பிளக் மாற்றும் செலவில் முடிய வேண்டிய வேலை, அதன் பிறகு பல ஆயிரம் ரூபாயை விழுங்கும்.