குடியை நிறுத்தவும் மருத்துவர் வேண்டும்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் மூடப்பட்டபோது, குடி கிடைக்காத விரக்தியில் சிலர் தற்கொலை செய்துகொண்டதாகக் கேரளத்திலிருந்து செய்திகள் வந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அம்மாநில அரசு ஆணையிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் ஆணையை நிறுத்திவைத்தது. எதிர்ப்பு நியாயமானதே. ஆனாலும், ஆண்டுக்கணக்கில் குடித்தவருக்குத் திடீர் நிறுத்தம் உடலையே உலுக்கும் நெருக்கடி என்பதை அந்த நாட்கள் ஊரறியக் காட்டின. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. முடுக்கிவிடும் குளுட்டமேட்டை அடக்குகிறது. தினமும் குடித்தால் மூளை இதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. குடி சட்டென நின்றதும் முடுக்கம் மட்டுமே மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்கு வரும் கடும் மனக்குழப்பம் உயிரையே பறிக்கக்கூடும். டயஸெபாம் போன்ற மருந்துகள் இவற்றைத் தடுக்க உதவும். தயமின் ஊசி, அந்த வைட்டமின் குறைவால் வரும் மூளைப் பாதிப்பைத் தடுக்கும்.

‘மனசு வைத்தால் போதாதா, எத்தனையோ பேர் தாமாக விட்டிருக்கிறார்களே’ என்பார்கள். உண்மைதான், குறைவாகக் குடித்தவர்களுக்கு அது முடியும். காலையில் எழுந்ததும் கை நடுங்குபவரையும் முன்பு வலிப்பு வந்தவரையும் வீட்டில் பூட்டிவைப்பது ஆபத்து. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலப்பதும் அப்படியே. டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்த உணவைத் தின்றவர் மது அருந்தினால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கி, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

‘சிகிச்சைக்குப் போய் வந்தவரும் மறுபடி குடிக்கிறாரே’ என்பது வலுவான மறுப்பு. நடுக்கம் தீர்வது சிகிச்சையின் தொடக்கம்தான். வேட்கை மாதக்கணக்கில் நீடிக்கும். அதற்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் தொடர வேண்டும். 2000-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை, போதை அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் பழைய நிலைக்குத் திரும்புவதாகவும், இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் திரும்புவதும் ஏறத்தாழ அதே அளவில்தான் என்றும் காட்டியது. அழுத்தம் மறுபடி ஏறினால் மாத்திரையை வீண் என்று எறிவதில்லை. மருந்தை மாற்றிப் பார்க்கிறோம்.

எய்ம்ஸ் தலைமையில் நடந்து 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதோவொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஆக, இங்கே சிகிச்சை தோற்றுப்போகவில்லை. பெரும்பாலோரை அது இன்னும் எட்டவே இல்லை. குடும்பம் முதலில் தேட வேண்டியது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை. 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம்.