கணைக்காலும் அதன் காப்பும்: ஹாக்கி ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

சர்வதேச ஹாக்கிச் சம்மேளனத்தின் விதிநூல், பந்தின் எடை 156 கிராமுக்குக் குறையவோ 163 கிராமுக்கு மிகவோ கூடாது என்றும், மட்டையின் எடை 737 கிராமைத் தாண்டலாகாது என்றும், மைதானத்தின் நீளம் 91.40 மீட்டர் இருக்க வேண்டும் என்றும் அணுவளவும் பிசகாமல் கட்டளையிடுகிறது. கோல்காவலர் தலைக்கவசமும் கால்கவசமும் இன்றி நிற்கவே கூடாது என்கிறது. ஆனால் களத்தில் ஓடியாடும் மற்றப் பதின்மரின் கால்களைப் பற்றிப் பேச வரும்போது மட்டும், கணைக்கால், கணுக்கால், வாய் ஆகியவற்றுக்குக் காப்பு அணிவதைத் தான் பரிந்துரைப்பதாக ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பெரியவர்களைப் பொறுத்தவரை இது நியாயமாக இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையின் விஷயத்தில் அந்தப் பரிந்துரையைக் கட்டளையாக்கும் பொறுப்பு பெற்றோரிடமும் பயிற்றுநரிடமுமே வந்து சேர்கிறது.

ஆங்கிலேயரோடு மலாயாவுக்கு வந்த இவ்விளையாட்டு, பினாங்கில் 1816-இல் தோன்றிய ஃப்ரீ ஸ்கூல், 1852-இல் தோன்றிய செயின்ட் சேவியர்ஸ் முதலிய பழைய பள்ளிகளின் திடல்களில் வேர்விட்டு, தமிழர், சீக்கியர், மலாய்க்காரர், சீனர், யுரேஷியர் என்ற பேதமின்றி எல்லாரும் கூடி ஆடும் விளையாட்டாக வளர்ந்தது. 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையில், ஸ்ரீ சண்முகநாதனின் தலைமையில் ஆடிய மலேசிய அணி, அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்ற கணக்கில்தான் தோற்றது. நான்காம் இடமும் பெற்றது. அக்காலத்து ஆட்டம் புல்தரையில் நடந்தது. மறு ஆண்டே, 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில், ஹாக்கி செயற்கைத் தளத்துக்கு மாறிற்று. பந்தின் வேகமும் மாறிற்று.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் பிள்ளைகளோ இன்றும் இரண்டு தளங்களுக்கும் இடையில் நிற்கிறார்கள். அன்றாடப் பயிற்சி பள்ளியின் புல்திடலில். முக்கியப் போட்டி, மிண்டனிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் தளத்தைப் போன்ற செயற்கைப் புல்லில். புல்திடலில் மண்மேடும் குழியும் பந்தை எதிர்பாராமல் துள்ளச் செய்கின்றன. செயற்கைத் தளத்தில் பந்து துள்ளாது, ஆனால் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். முன்னதன் அபாயம் பின்னதில் நீங்குவதில்லை, உருமாறுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

தோலுக்கு அடியில் எலும்பு

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள பெரிய எலும்பின் முன்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால், சரீரத்தின் வேறு நீண்ட எலும்புகளுக்கு வாய்த்திருக்கும் தசைப் போர்வை அங்கே இல்லை என்பது உடனே தெரியும். தோல், அதன் கீழே சிறிது கொழுப்பு, அதற்கும் கீழே எலும்பைச் சுற்றிய மெல்லிய உறை, அவ்வளவுதான். அந்த உறையில் நரம்புகள் மிகுதி. ஆதலால்தான் கட்டில் காலில் இடித்துக்கொண்டால்கூடப் பெரியவர்களும் அரை நிமிஷம் பேச்சற்றுப் போகிறார்கள். எலும்பின் கீழ்ப்பகுதிக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைவு என்பதால், அங்கே முறிவு ஏற்பட்டால் கூடுவதற்கு மற்ற இடங்களைவிட அதிக காலம் பிடிக்கிறது.

பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் ஒரு விசேஷம் உண்டு. அவர்களின் எலும்பு நீள்வது நடுவிலன்று, இரு முனைகளையும் அடுத்துள்ள வளர்ச்சித் தகடுகளில்தான். கணுக்காலை ஒட்டிய தகடு, பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 13 முதல் 15 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதுக்குள்ளும் மூடிக்கொள்கிறது. அதற்கு முன் அந்த இடத்தில் விழும் பலமான அடி, கால் குட்டையாகவோ கோணலாகவோ வளர்வதற்குக் காரணமாகலாம். இது அபூர்வம், என்றாலும் காப்பு வாங்கும்போது கணைக்காலை மட்டும் நினைத்துக் கணுக்காலை மறந்துவிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கால்பந்துக் காப்பு போதுமா?

பிள்ளைகளின் பேச்சில் "ஷின் பேட்" என்றால் எல்லாம் ஒன்றே. அண்ணன் கால்பந்தாட்டத்துக்குப் போட்ட மெல்லிய தகடு வீட்டில் கிடக்க, தம்பிக்குப் புதிதாக ஒன்று எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. பதில் எளிது. கால்பந்தில் அந்தத் தகட்டின் மேல் வந்து படுவது பெரும்பாலும் இன்னொருவனின் காலணி. ஹாக்கியில் வந்து படுவது கடினமான பந்தும், அதை அடிக்க ஓங்கிய மட்டையும். ஹாக்கிப் பந்தின் எடை ஏறத்தாழக் கிரிக்கெட் பந்தின் எடையேதான். கிரிக்கெட்டில் அப்பந்தை எதிர்கொள்பவன் தொடைவரை உயர்ந்த கவசங்களைக் கட்டிக்கொண்டு நிற்பதை நாம் யாரும் விசித்திரமாக எண்ணுவதில்லை.

ஐரோப்பியத் தர விதிகளே இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றன. கால்பந்துக் காப்புக்கு உரிய எண் 13061. ஹாக்கிக் களவீரரின் கணைக்கால் காப்புக்கு உரியது 13546. கடையில் எடுத்துப் பார்க்கும்போது உட்புறச் சீட்டில் இந்த எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பது, விளம்பர வாசகங்களைப் படிப்பதைவிடப் பிரயோஜனம் உள்ள காரியம்.

காப்பு வேலை செய்யும் விதத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. வெளியிலுள்ள கடின ஓடு, ஒரு புள்ளியில் விழும் அடியைப் பரந்த இடத்தில் பங்கிட்டுவிடுகிறது. உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு நசுங்குவதன் மூலம் அந்த அடி எலும்பைச் சேரும் நேரத்தைச் சற்றே நீட்டி, அதன் உக்கிரத்தைத் தணிக்கிறது. இரண்டும் வேண்டும். ஓடு மட்டும் இருந்தால் அதன் விளிம்பே காலைக் குத்தும். பஞ்சு மட்டும் இருந்தால் பந்து அதைத் துளைத்துக்கொண்டு எலும்பைத் தொடும். பந்தின் வேகம் இரட்டித்தால் அது கொண்டுவரும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், பத்து வயதில் போதுமாக இருந்த காப்பு பதினான்கு வயதில் அளவால் மட்டுமன்றிப் பலத்தாலும் போதாமல் போகிறது.

அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து வாங்குவது

நம்மவர் வீடுகளில் பள்ளிச் சீருடையை இரண்டு விரல் பெரிதாகத் தைப்பதும், காலணியை ஓர் எண் கூட்டி வாங்கி முனையில் பஞ்சு அடைப்பதும் நெடுங்கால வழக்கம். "கொஞ்சம் பெரிசாவே குடுங்கண்ணே, அடுத்த வருஷமும் போடுவான்" என்று கடைக்காரரிடம் கேட்கும் குரலில் சிக்கனமும் வாஞ்சையும் கலந்திருக்கின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் ஹாக்கிக் காப்பு விஷயத்தில் இந்தச் சிக்கனம் பிள்ளையின் காலுக்கே விரோதமாகிறது.

பெரிய காப்பு ஓடும்போது சுழலும். சுழன்ற காப்பு எலும்பின் முன்புறத்தை விட்டு ஆடுசதைப் பக்கம் ஒதுங்கிவிட, அணிந்திருந்தும் அணியாத நிலை ஏற்படுகிறது. நீளம் மிகுந்தால் மேல்விளிம்பு முழங்காற்சில்லில் இடிக்கும். அந்த இடிக்கு அஞ்சிப் பிள்ளை முழங்காலை மடக்காமல் நின்று ஆடப் பழகும். ஹாக்கியில் முழங்காலை மடக்கிக் குனிய வராதவன் பந்தை மட்டையால் நிறுத்த முடியாமல் காலால் நிறுத்துவான். காலில் பட்டால் தப்பாட்டம், கூடவே காயமும். பாதுகாப்புக்காக வாங்கிய பொருளே அடியைக் கூவி அழைப்பது இப்படித்தான்.

சிறியதும் ஆகாது. வளரும் பிராயத்தில் உயரம் ஓர் ஆண்டில் 8, 9 சென்டிமீட்டர்கூட ஏறக்கூடும். அதிலும் உடலுக்கு முன்னால் கால்களே நீள்கின்றன. ஆகையால் பள்ளித் தவணை தொடங்கும்போதெல்லாம் பழைய காப்பைக் காலில் வைத்துப் பார்ப்பது நல்லது. கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் எலும்பு வெறுமையாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

அளந்து, அணிந்து, குனிந்து பார்த்தல்

பிள்ளையை நாற்காலியில் அமர்த்தி, பாதம் தரையில் படிந்திருக்க, முழங்காற்சில்லின் அடிவிளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு, அங்கிருந்து பாதம் மடியும் இடம்வரை அளவு நாடாவால் அளந்துகொள்ள வேண்டும். அந்த நீளமே கடைக்குக் கொண்டுபோக வேண்டிய அளவு. உறையின் மேல் அச்சிட்ட சிறியது, நடுத்தரம், பெரியது என்ற பாகுபாடு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேட்பதோ இன்னும் மோசம், ஒரே வகுப்பில் ஒரே வயதில் ஒரு முழம் உயர வித்தியாசத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களே!

பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போவது அவசியம். ஆட்டத்தில் போடும் நீண்ட காலுறையும் காலணியும் உடன் வரட்டும். பல காப்புகள் வலது, இடது எனப் பிரித்துச் செய்யப்பட்டிருக்கும். மாற்றிப் போட்டால் கணுக்கால் எலும்பின் மேல் அமர வேண்டிய பஞ்சு வேறிடத்தில் அமரும். ஓடு எலும்பின் முன்புறத்தோடு நின்றுவிடாமல் இருபுறமும் வளைந்து தழுவ வேண்டும். உட்புறத்துக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அந்த வார்ப்பு அந்தக் காலுக்கு ஏற்றதன்று. மெலிந்த கால் உள்ள பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. நீளம் சரியாக இருந்தும் அகலம் ஒவ்வாமல் போகும். அப்போது பட்டையை இறுக்கிச் சரிசெய்ய முனையாமல் வேறு வார்ப்பைத் தேடுவதே முறை. ஆடுசதையைச் சுற்றிய பட்டைக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இறுகக் கட்டிய பட்டை அரை மணி நேரத்தில் பாதத்தை மரத்துப்போகச் செய்யும்.

இனி, நின்ற நிலையில் அழகாக இருக்கிறது என்று பார்த்துத் திருப்தியடைவது போதாது. பிள்ளை ஒரு மட்டையைப் பிடித்தாற்போல முழங்காலை நன்றாக மடக்கிக் குனியட்டும். பிறகு தரையில் ஒரு முழங்காலை ஊன்றி எழட்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வாசல் நடைபாதையில் நாலடி ஓடித் திரும்பட்டும். மேல்விளிம்பு முழங்காற்சில்லைத் தொடாமலும், கீழ்விளிம்பு பாதத்தின் மேற்புறத்தைக் குத்தாமலும், ஓடிய பின் காப்பு வைத்த இடத்திலேயே நிற்குமானால் வாங்கலாம். விலை உயர்ந்த கார்பன் இழை ஓடுகள் இலேசானவைதாம்; ஓராண்டில் வளர்ந்துவிடும் காலுக்கு அவை வேண்டியதில்லை.

அண்ணனுடைய ஹாக்கிக் காப்பை அணிவதானால் ஓட்டை இரு கைகளாலும் மெல்ல வளைத்து, வெளுத்த கீறல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவும். பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டால் அது மீண்டும் எழ வேண்டும். எழாத பஞ்சு உயிரற்ற பஞ்சு.

வியர்வையும் மழையும்

குளிர்நாட்டு நூல்களில் அதிகம் காணப்படாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. பினாங்கின் வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து, காப்புக்குள் அடைபட்ட காலை ஆட்டம் முடிவதற்குள் நனைத்துவிடுகின்றன. வேர்க்குரு, மயிர்க்கால் கொப்புளம், படை ஆகியவை அங்கே எளிதில் தோன்றும். உராய்ந்த தோலில் கிருமி புகுந்தால் சீழ்ப்பிடிக்கவும் கூடும். தோலுக்கும் காப்புக்கும் நடுவே மெல்லிய உட்காலுறை ஒன்று அணிவதும், காற்றுத் துளைகள் உள்ள ஓட்டைத் தேர்ந்தெடுப்பதும் பெரிதும் உதவும். பட்டை பட்ட இடத்தில் மட்டும் சிவந்து அரிக்குமானால், நியோபிரீன் ரப்பரில் சேர்க்கும் இரசாயனங்கள் அப்பிள்ளையின் தோலுக்கு ஒவ்வவில்லை என்று சந்தேகிக்கலாம்; களிம்பு தடவுவதற்கு முன் காப்பை மாற்ற வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் பைக்குள் திணித்து மறுவாரம் எடுக்கும் வழக்கத்துக்குப் பிள்ளைகளை மட்டும் நொந்து பயனில்லை. வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பிட்டுக் கழுவி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துவது நன்று. நடுப்பகல் வெயில் பஞ்சையும் பசையையும் கெடுத்துவிடும். செப்டம்பர், அக்டோபர் மழை மாதங்களில் மின்விசிறியின் கீழ்தான் வைக்க வேண்டியிருக்கும். ஒருவர் காப்பை மற்றவர் இரவல் வாங்குவது, அளவு பொருந்தினாலும் தோலின் நலம் கருதித் தவிர்க்க வேண்டிய ஒன்று.

அடிபட்ட பின்

காப்பு அணிந்தும் அடி படலாம். திடலோரத்தில் யாராவது ஒருவர் பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவது இங்கே வாடிக்கை. புதிதாகப் பட்ட அடியில் அழுத்தித் தேய்ப்பதும் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் உள்ளே கசியும் இரத்தத்தை மிகுவிக்கும். முதல் இரண்டு நாட்கள் இரண்டும் ஆகாது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து முதல் இருபது நிமிஷம் வைத்து எடுத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் சாதாரண வீக்கம் வடிந்துவிடும்.

பிள்ளை அக்காலை ஊன்ற முடியவில்லை என்றாலோ, கால் கோணித் தெரிந்தாலோ, கணுக்காலை ஒட்டிய எலும்பைத் தொட்டதும் துடித்தாலோ எக்ஸ்ரே அவசியம். வேறோர் அபாயமும் உண்டு. அது எக்ஸ்ரேயில் தெரியாது. கணைக்காலின் தசைகள் இறுகிய சவ்வறைகளுக்குள் இருப்பதால், உள்ளே வீக்கம் பெருகினால் இரத்த ஓட்டம் நெருக்குண்டு நின்றுபோகலாம். அடிபட்ட சில மணி நேரத்தில் வலி குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போவது, கால்விரல்களை நீட்டினால் தாங்க முடியாமல் வலிப்பது, ஆடுசதை கல்லாக இறுகுவது, பாதம் மரப்பது ஆகியவை அதன் குறிகள். அப்போது இறுகக் கட்டிய கட்டு எதுவாயினும் தளர்த்திவிட்டு, காலை மேலே உயர்த்தாமல், 999-ஐ அழைத்தோ சொந்த வண்டியிலோ உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் தசையே அழிந்துவிடலாம்.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதது, யாரும் அடிக்காமலேயே கணைக்காலின் உட்புறத்தில் நீளவாக்கில் வரும் வலி. அது அளவுக்கு மிஞ்சிய ஓட்டத்தால், தேய்ந்த காலணியால், கடினத் தரையால் வருவது. எந்தக் காப்பும் அதற்கு மருந்தாகாது. பயிற்சியைக் குறைத்து, நீங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுவதே வழி.

காயம் ஆறி, பிள்ளை திரும்பவும் திடலுக்குப் போகும் நாளில், அன்று அடியை வாங்கிய காப்பை வீட்டில் ஒரு தடவை பிரித்துப் பார்க்கவும். வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உட்புறம் விண்டிருக்கலாம். விண்டிருந்தால் ஒட்டிப் பயனில்லை. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, பிள்ளையின் காலை மறுபடியும் அளந்த பிறகே கடைக்குப் போகவும், ஏனெனில் அந்த இடைக்காலத்தில் கால் வளர்ந்திருக்கும்.