மரணத் தூதரின் பெயர்

உயிரைக் கைப்பற்றும் வானவரைத் தமிழ் முஸ்லிம்கள் இஸ்ராயீல் என்பர். ஆயினும் அப்பெயர் திருக்குர்ஆனில் ஓரிடத்திலும் இல்லை என்பது என்னை வியப்பில் ஆழ்த்தியது. அதன் 32ஆம் அத்தியாயம், 11ஆம் வசனம் ‘மலக்குல் மவ்த்’, அதாவது மரணத்தின் வானவர், என்று மட்டுமே கூறுகிறது. பெயர் நிலைபெற்றதெல்லாம் பிற்கால விளக்கவுரைகளிலும் கதைகளிலுமே. எபிரேயத்தில் ‘எஸர்’ என்றால் உதவி. ‘ஏல்’ என்றால் கடவுள். எனவே ‘கடவுளே துணை’ என்று பொருள் கூறுவர். உலகமே அஞ்சும் ஒருவருக்கு இப்படியொரு பெயர்!

எபிரேய விவிலியத்திலும் தனிப்பெயர் கிடையாது. ஓர் இரவில் 1,85,000 அசீரியரை வீழ்த்தியவர் வெறும் ‘ஆண்டவரின் தூதர்’தான். ஏவிய பணியை முடிப்பதோடு சரி. மரணமே அவருடைய தொழில் அன்று.

அதற்கென்றே ஒருவர் முழு உருவம் பெறுவதைத் தால்முத்தில் காண்கிறோம். உடலெங்கும் கண்கள். உருவிய வாளுடன் நோயாளியின் தலைமாட்டில் நிற்கிறார். வாள் நுனியில் ஒரு பித்தத் துளி தொங்குகிறது. அவரைக் கண்டு நடுங்கி நோயாளி வாய் திறக்க, துளி உள்ளே விழுகிறது, உயிர் பிரிகிறது. பிற்கால யூத மரபு இவரைச் சமாயேல் என்றும் அழைத்தது.

இந்த அச்சத்திற்கு நடுவே தால்முத்து ஒரு கதையும் சொல்கிறது. அதுவே எனக்கு மிகப் பிடித்தது. யோசுவா பென் லேவி என்னும் ரபி, சுவர்க்கத்தில் தமக்குரிய இடத்தைக் காட்டுமாறு தூதரைக் கேட்கிறார். வழியில் அச்சமாயிருக்கும் என்று சொல்லிக் கத்தியையும் வாங்கிக்கொள்கிறார். மதில்மேல் ஏற்றியதும் உள்ளே குதித்துவிடுகிறார்! கத்தியைத் திருப்பித் தரவும் மறுக்கிறார். படைப்புயிர்களுக்கு அது தேவைப்படுகிறது, கொடுத்துவிடு என்று வானிலிருந்து ஒரு குரல் எழுகிறது.